பத்து அங்குலக் கத்தரி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிரில் விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன, அவ்வளவுதான். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? என் மகள் கணக்கில் தேறினாளா, இல்லை மாமாவைக் கொண்டு பிறந்துவிட்டாளா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நான் பேசினால் அம்மா உடனே ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிறது. உன் போனோ வீட்டுப்பாடம் என்ற பெயரில் பாப்பா கையிலேயே குடியிருக்கிறது. அதனால்தான் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். வக்கீல் குமாஸ்தாவுக்கு வரும் தபாலை வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள் அல்லவா?

கடையில் வேலை சரியாக இருக்கிறது. மூன்று மெஷின், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. பேன்ட் கால் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது. என் பத்து அங்குலக் கத்தரியைத்தான் காபந்து பண்ண முடியவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் பில் காகிதத்தை அதால் வெட்டுகிறார்கள். காகிதம் பட்ட கத்தரி துணியை மெல்லும், வெட்டாது. சொன்னால் சிரிக்கிறார்கள். சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அதை உறையில் போட்டு, மாலையில் அறைக்குக் கொண்டுபோய், காலையில் திரும்பக் கொண்டுவருகிறேன்.

இப்போது விஷயம். மூன்று வாரமாக ஒரு ஆள் மாலை ஐந்தரைக்கு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். நான் இறங்கியதும் நான்கு தெரு தாண்டி என் வாசல் வரை பின்னாலேயே வருகிறார். தொடுவதில்லை, கூப்பிடுவதில்லை. ஒன்றும் செய்யாததால் யாரிடமும் ஒன்றும் சொல்லவும் முடியவில்லை. பக்கத்து அறை நர்ஸ் பையில் மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். வெளிநாட்டுக்காரி நான் அப்படி எதையாவது வைத்துக்கொள்ளலாமா? நீ சட்டத்தோடு புழங்குகிறவன், கேட்டு எழுது.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். யாருக்குமே தெரிய வேண்டாம்.

உன் அக்கா

---

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது, மற்றபடி நடமாட்டம் உண்டு. பாப்பா கணக்கில் நாற்பத்தொன்று. மாமாவைக் கொண்டு பிறந்திருந்தால் முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போனேன். வக்கீல் அய்யாவிடம், கட்சிக்காரர் ஒருவர் கேட்கிறார் என்று சொல்லி விசாரித்தேன். தற்காப்பு உரிமை மனிதனாகப் பிறந்த எல்லோருக்கும் உண்டு, அதை எந்த நாடும் பறிக்க முடியாது என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். அவர் அந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தவர் அல்ல. ஆனால் அவர் மேஜையைத் தட்டினால் இங்கே ஜட்ஜே தண்ணீர் குடிப்பார்.

பத்து அங்குலக் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டா நீ ஆயுதம் தேடுகிறாய்? அதைப் பையின் மேல்பக்கம் வை. அவன் பக்கத்தில் வந்தால் வெளியே எடு. அவ்வளவுதான், ஆள் ஓடிவிடுவான்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதே. இரண்டு நிறுத்தம் தள்ளித்தானே அத்தான் இருக்கிறார்? பதினைந்து வருஷமாக அந்த ஊரில் பழம் தின்று கொட்டை போட்டவர். உனக்கு வேலை பார்த்துக் கொடுத்ததும் அவர்தான், உன் அனுமதிக் காகிதத்தில் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அம்மாவின் ஒரே அண்ணன் மகன். ஒரு வார்த்தை சொன்னால் ஓடி வரமாட்டாரா? அவரிடம் ஏன் சொல்லவில்லை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

---

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலமாக இருப்பதில் சந்தோஷம். விரலுக்கு மருந்து போடுகிறேன், ஆறிக்கொண்டு வருகிறது.

உன் அய்யா மேஜையைத் தட்டியது இங்கே கேட்கவில்லை போலிருக்கிறது. இந்த ஊர் நூலகத்தில் சனிக்கிழமை காலையில் இலவசமாகச் சட்டம் சொல்கிறார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. என் பாஷையை மொழிபெயர்க்க அவர் போனும் என் போனும் முட்டி மோதின. மிளகு ஸ்பிரே இங்கே துப்பாக்கிக்குச் சமமாம். மடக்குக் கத்தி கூடாது. இந்த ஊர்க்காரர்களுக்கு அபராதத்தோடு போகிற குற்றம், என்னைப் போன்றவர்களுக்கு அனுமதியையே பறித்துவிடும். ஆகஸ்டில் என் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அது கிடைத்தால்தான் பாப்பாவை அழைக்க மனுப் போட முடியும். அவள் அப்பா போன பிறகு நான் கண்ட கனவு அது ஒன்றுதான்.

கத்தரியைப் பற்றியும் கேட்டேன். தொழில் கருவி என்பதால் உறையில் போட்டுக் கடைக்கும் அறைக்கும் கொண்டு போகலாமாம். "யாராவது இது எதுக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார். பாதுகாப்புக்கும் ஆகும் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் கத்தரியை ஆயுதமாக்கும் என்றார். தைக்கக் கொண்டுபோனால் கருவி, தற்காப்புக்குக் கொண்டுபோனால் குற்றம். எதற்கு வைத்திருக்கிறோம் என்பதைத்தான் பார்ப்பார்களாம். ஆகவே நீயும் அதைப் பற்றி எங்கும் பேசாதே, எழுதாதே.

பின்னால் வருகிற ஆளைப் போலீசில் சொல்லலாம் என்றார். "பேர் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாப்பாவுக்கு முத்தம்.

உன் அக்கா

---

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? நான் ஒரு வேலை செய்திருக்கிறேன், படித்ததும் என்னை மெச்சுவாய்.

இதோடு உன் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் இணைத்திருக்கிறேன். முத்திரைத்தாளில் அடித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நோட்டரி சீல் போட்டது. 'தீயவர்களிடமிருந்து என்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மட்டுமே பத்து அங்குல நீளமுள்ள கத்தரிக்கோல் ஒன்றை எப்போதும் என்னுடன் வைத்திருக்கிறேன் என்று சத்தியப் பிரமாணமாகச் சொல்கிறேன்.' எப்படி? எந்தப் போலீஸ்காரன் நிறுத்தினாலும் இதை எடுத்து நீட்டு. பன்னிரண்டு வருஷ சர்வீசில் நான் அடித்த பத்திரங்களிலேயே இதுதான் முதல் தரம்.

கையெழுத்துக்கு என்ன செய்தேன் என்று யோசிப்பாய். உன் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவனுக்கு உன் கையெழுத்து ஒரு பெரிய வேலையா? நோட்டரி நம் அய்யாவின் சிநேகிதர். ஆள் எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உத்தரவாதம் கொடுத்தவர் என்ற முறையில் அத்தானுக்கும் நேற்றே ஆபீஸ் மெயிலில் ஒரு நகல் அனுப்பிவிட்டேன். நீ சொல்லத் தயங்குகிறாய், நானாவது சொல்ல வேண்டாமா? தினமும் மாலையில் பஸ் நிறுத்தத்திலிருந்து உன்னைக் கூட்டிப்போகச் சொல்லி எழுதினேன். அன்றைக்கே போன் செய்தார். "நீ கவலையே படாத மாப்ள, இனிமே அவ என் பொறுப்பு" என்றார். அம்மாவுக்குக் காரணம் சொல்லவில்லை. அத்தான் தினமும் உன்னை வந்து பார்க்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு முழங்கால் வலியே போய்விட்டது.

இனி தைரியமாக நட.

உன் தம்பி

---

மார்ச் 16

தம்பி,

நலம். பத்திரம் வந்தது.

நான் பிப்ரவரியில் எழுதிய கடிதம் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். இனி என் பெயரில் எந்தக் காகிதமும் செய்யாதே. அவரிடம் கொடுத்த நகலைத் திரும்பக் கேள். ஏன் என்று கேட்காதே.

அக்கா

---

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் நான்கு வரிதான் இருந்தது, நான்கு அறை வாங்கியது போல் இருந்தது. நூலகத்து அம்மாள் சொன்னதையும் படித்தேன், நீ கடிதம் போட்டு நான்கு நாள் கழித்து நான் பத்திரம் அனுப்பியிருக்கிறேன். தபால்காரர் மேல் பழி போட ஆசைதான். ஆனால் உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது நான்தானே. மன்னித்துவிடு.

அத்தானிடம் நகலைக் கேட்டேன். சிரித்தார். "பத்திரமா வெச்சிருக்கேன் மாப்ள, அது இருக்கறதுதான் அவளுக்கு நல்லது" என்றார். எனக்குப் புரியவில்லை, இருந்தாலும் பெரியவர் சொல்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

அம்மா தெருவில் எல்லோரிடமும் அண்ணன் மகனின் பெருமையைப் பாடுகிறாள். பாப்பா உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், இணைத்திருக்கிறேன். மெஷினுக்குப் பின்னால் தெரிகிற வட்டம் உன் தலையாம்.

ஒன்று மட்டும் சொல். அந்த ஆள் இன்னும் வருகிறானா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

உன் தம்பி

---

மே 9

தம்பி,

பாப்பாவின் படத்தை மெஷினுக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். என் தலை நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதை மறைத்து இனிப் பிரயோஜனமில்லை. உட்கார்ந்து படி.

அந்த ஆள் வருகிறான். முன்பு பின்னால் வந்தான், நீ எழுதியது அவனுக்குக் கிடைத்த நாளிலிருந்து பக்கத்தில் வருகிறான். அந்த ஆள் அத்தான்தான்.

நவம்பரிலேயே ஆரம்பித்தது. "தனியா எதுக்கு வாடகை குடுக்கற, என் வீட்டுக்கு வந்துடு, உனக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே" என்றான். மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவன் எந்த அர்த்தத்தில் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியாதா? மாட்டேன் என்றேன். ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தான், டிசம்பர் கடைசியில் நிறுத்தத்தில் நிற்க ஆரம்பித்தான். உன்னிடம் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் அம்மா. அண்ணன் வீடு என்றால் அவளுக்கு உயிர். என் காகிதத்தில் அவன் கையெழுத்து வேறு இருக்கிறது. ஆகஸ்ட் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். கேள்வியை மட்டும் உன்னிடம் கேட்டேன், ஆளைச் சொல்லவில்லை. தப்பு என்னுடையதும்தான்.

போன மாதம் நீ அனுப்பிய நகலை என் முகத்துக்கு நேராக ஆட்டினான். "இதப் போலீஸ்ல குடுத்தா உன் பர்மிட் என்னாகும் தெரியுமா? நாளைக்கே வந்துடு" என்றான். கொடுத்துக்கொள் என்றேன். வேறு என்ன சொல்வது? கொடுத்துவிட்டான். பொறுப்புள்ள உத்தரவாததாரர் மாதிரி, ஆபத்தான பெண் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

வியாழக்கிழமை கடைக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். பையைத் திறந்து கத்தரியை எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு எண் ஒட்டினார்கள். முதலாளியம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பத்திரத்தைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகு பதில் சொல்கிறேன் என்றேன். ஜூலை இரண்டாம் தேதி விசாரணை.

என் கையெழுத்துதான் என்றால் அனுமதி போய்விடும், பாப்பா இங்கே வரவே முடியாது. இல்லை என்றால் போட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும். உன் வேலை போகும், வழக்கும் வரலாம். அந்த வீட்டில் மூன்று பேர் சாப்பிடுவது உன் சம்பளத்தில். நான் என்ன சொல்லட்டும்?

அக்கா

---

மே 28

அக்கா,

'இல்லை' என்று சொல். அதுதான் உண்மை.

இதோடு இன்னொரு பிரமாணப் பத்திரம் வருகிறது. இது என் பெயரில், என் கையெழுத்தில், நானே நேரில் போய் நின்று போட்டது. வேறு நோட்டரி. முதல் பத்திரத்தை எழுதியவன் நான், அக்காவுக்குத் தெரியாமல் அவள் கையெழுத்தைப் போட்டவன் நான், அதிலுள்ள ஒரு வார்த்தையும் அவள் சொன்னதல்ல என்று எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பும் உண்டு. கடையிலிருந்து கத்தரியை ஏன் கொண்டுபோய் வருகிறாய் என்று நீ ஜனவரியில் எழுதிய கடிதத்தின் முதல் பக்கத்தையும் வைத்திருக்கிறேன். ஒன்றையும் மறைக்காமல் நூலகத்து அம்மாளிடம் காட்டு. அவனைப் பற்றியும் சொல். பெயரைச் சொல்.

உனக்கு வழித்துணைக்கு அவனை அனுப்பிவைத்தவன் நான். தினமும் நான்கு தெரு, அவன் பக்கத்தில் நீ நடந்திருக்கிறாய்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே, இங்கே ஒரு குறையுமில்லை. இனி கடிதத்தை வீட்டு முகவரிக்கே எழுது. ஆபீஸ் வேறு இடத்துக்கு மாறுகிறது.

தம்பி

---

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, உண்மையாகவே நலம். வெயில் வந்துவிட்டது, விரல்களும் ஆறிவிட்டன.

இரண்டாம் தேதி போனேன். நூலகத்துப் பெண்மணி கூட வந்தார். நீளமான மேஜை, ஒரு ஜன்னல், தண்ணீர் ஜாடி. வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பத்துத் தடவை கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பத்திரத்தில் இருந்ததோடு வைத்துப் பார்த்தார்கள். உன்னைப் பாராட்ட வேண்டும், என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போட்டிருக்கிறாய். அதனாலேயே மாட்டிக்கொண்டது. உன் இரண்டாவது பத்திரத்தை இரண்டு தடவை படித்தார்கள். கத்தரியை ஏன் அறைக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டார்கள். காகிதம் வெட்டுகிறார்கள் என்றேன். முதலாளியம்மாவும் எழுதிக் கொடுத்திருந்தார், வெட்டுகிறோம், உண்மைதான் என்று. என் மேல் குற்றமில்லை என்று முடித்துவிட்டார்கள்.

பிறகு பெயரைச் சொன்னேன். நவம்பரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று, நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை. என் தெருவிலும் கடைப் பக்கமும் அவன் வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். உத்தரவாதத்துக்கு இனி முதலாளியம்மாவே கையெழுத்துப் போடுகிறார். ஆகஸ்டில் அனுமதியைப் புதுப்பித்ததும் பாப்பாவுக்கு மனுப் போடுகிறேன்.

ஒரு வேடிக்கை கேள். கத்தரியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதிகாரி ரசீதை இரண்டாக்க வேண்டியிருந்தது. உறையைப் பிரித்து என் கத்தரியையே எடுத்துத் தாளில் வைத்தார். "அய்யோ, அதுல வெட்டாதீங்க!" என்று தமிழில் கத்திவிட்டேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் சொன்ன பிறகு அவர் கத்தரியை வைத்துவிட்டுத் தாளைக் கையால் கிழித்தார். எட்டு மாதமாக அடங்கிக் கிடந்த குரல், அந்த இடத்தில் போய் வந்தது.

ஆபீஸ் எங்கேயும் மாறவில்லை என்று பாப்பா ஞாயிற்றுக்கிழமை போட்டு உடைத்துவிட்டாள். "மாமா வீட்லயேதான்மா இருக்கார், ஒரே மேஜைய நாலு தடவ தொடைக்கறார்" என்றாள். உனக்கு வேலை போய்விட்டது. ஏண்டா என்னிடம் சொல்லவில்லை? நான் மறைத்ததால் வந்த வினை போதாதா? நீ எனக்காகச் செய்ததை நினைத்து அன்றைக்கு முழுக்க அழுதேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தையும் மே மாதக் கடிதத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல் படி.

உன் அக்கா

---

ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பாப்பா கணக்கில் ஐம்பத்தாறு.

என் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பத்திரத்தை அனுப்பிய அன்றே அய்யாவிடம் நானே சொன்னேன். இந்தத் தடவை அவர் மேஜையைத் தட்டவில்லை. குமாஸ்தா கார்டை வாங்கிக்கொண்டார், வழக்கு வந்தால் வரட்டும் என்றார். இதுவரை வரவில்லை. இப்போது பதிவு அலுவலகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் மனு எழுதுகிறேன். கையெழுத்துப் போடுகிற ஆள் நேரில் வந்தால்தான் எழுதுவேன் என்று போர்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பாதிப்பேர் அடுத்த பெஞ்சுக்குப் போகிறார்கள். போகட்டும்.

நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மயங்கி விழுவாள் என்று பயந்து பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டேன். விழவில்லை. "எத்தன மாசமா?" என்று மட்டும் கேட்டாள். நவம்பரிலிருந்து என்றேன். விரல்விட்டு எண்ணினாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அத்தான் வந்தாரா, அத்தான் சொல்றபடி நடந்துக்கோன்னு நான்தான்டா சொன்னேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனைக் கேட்டாள். தன் அண்ணனுக்கு, அவன் அப்பாவுக்கு, போடச் சொன்னாள்; போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரைத் தட்டப் போன என் கையைத் தள்ளிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது, "இனிமே அந்த வீட்டுப் போக்குவரத்து நமக்கு வேண்டாம்" என்றாள். அதன் பிறகு இந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து. இதை நான் போடவில்லை.

உன் தம்பி

கண்ணு, முழங்கால் பரவாயில்ல. இனிமே ஞாயித்துக்கிழமை நீ பேசு, நான் கேக்கறேன். ஸ்பீக்கர் போட மாட்டேன். கத்தரிய சாணை பிடிச்சு வெச்சுக்கோ. எவன் கேட்டாலும் குடுக்காத. அம்மா.